சின்ன டார்ச் எதை வாங்கலாம்? முதலில் பேட்டரியைப் பாருங்கள்

மழைக்காலம் நெருங்கினால் இந்தக் கேள்வி தவறாமல் வரும்: "வீட்டுக்கு ஒரு சின்ன டார்ச் வேணும். விலை ரொம்பப் போகக்கூடாது, ஆனா அவசரத்துக்குக் கண்டிப்பா எரியணும். எதை வாங்கறது?" கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே இரண்டு மூன்று டார்ச் வாங்கியவர்கள். அவை எல்லாம் அலமாரியில் உயிரில்லாமல் கிடக்கும்.

எலக்ட்ரிக்கல் கடையில் போய் நின்றால் வகை என்னவோ நான்குதான். சுவரில் செருகிச் சார்ஜ் போடும் பிளாஸ்டிக் டார்ச், யுஎஸ்பி ஒயரில் சார்ஜ் ஏறும் டார்ச், மூன்று ரிமோட் பேட்டரி (ஏஏஏ) போடும் குட்டி டார்ச், கடிகாரத்துக்குப் போடும் ஏஏ பேட்டரி ஒன்றோ இரண்டோ போடும் டார்ச். இணையத்தில் தேடினால் ஐந்தாவதாக, 18650 என்ற அளவு எண் கொண்ட லித்தியம் செல் போடும் ஒரு வகை வந்து நிற்கும். இந்த ஐந்துக்குள்தான் நம் தேர்வு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்இடி கெட்டுப்போய்த் தூக்கி எறியப்பட்ட டார்ச் அபூர்வம். போவது பேட்டரி, இல்லையென்றால் சுவிட்ச், அதுவும் இல்லையென்றால் பேட்டரி கசிந்து அரித்த ஸ்பிரிங். பெட்டியில் கொட்டை எழுத்தில் லூமன் (வெளிச்சத்தின் அளவு) போட்டிருப்பதைப் பார்த்து வாங்குவதைவிட, உள்ளே என்ன பேட்டரி, அது செத்தால் என்ன செய்வது என்று பார்த்து வாங்கினால் பாதிப் பிரச்சினை கடையிலேயே தீர்ந்துவிடும்.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

ஆறு மாதம் கிடந்தபின் எரியுமா? வீட்டு டார்ச்சின் வாழ்க்கை பெரும்பாலும் சும்மா கிடப்பதுதான். தேவைப்படும் நாளில், முன்னேற்பாடு எதுவும் இல்லாமல், எடுத்து அமுக்கியதும் எரிய வேண்டும். மற்ற எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

பேட்டரியை நாமே மாற்ற முடியுமா, மாற்று பேட்டரி நம் தெருவில் கிடைக்குமா? 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபின், டெல்டாவில் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. அப்படி ஒரு நிலைமையில் சார்ஜ் போட்டால்தான் எரியும் டார்ச் இரண்டு மூன்று நாளில் ஓய்ந்துவிடும். மளிகைக் கடையில் சரம் சரமாகத் தொங்கும் பேட்டரியைப் போட்டு எரிக்கக்கூடியது ஓயாது.

எவ்வளவு வெளிச்சம் வேண்டும்? நாம் நினைப்பதைவிடக் குறைவு. ராத்திரி எழுந்து கழிவறைக்குப் போகவும், தூங்குகிற குழந்தையைப் பார்க்கவும் ஐந்து லூமன் போதும். அதற்கு மேல் போனால் கண்தான் கூசும். கரண்ட் போன சமையலறையில் டார்ச்சைச் செங்குத்தாக நிறுத்தி மேல்தளத்தில் அடித்தால் ஐம்பது லூமனில் அறை முழுக்க வேலை பார்க்கும் அளவுக்கு வெளிச்சம் வரும். வரப்பிலோ தெருவிளக்கு இல்லாத சாலையிலோ நடக்க ஐம்பது முதல் நூறு. தென்னை மட்டை எங்கே தொங்குகிறது, மோட்டார் கொட்டகைப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கத்தான் அதற்கு மேல் தேவை. அங்கேயும் லூமனைவிட ஒளி எவ்வளவு குவிந்து போகிறது என்பதுதான் முக்கியம்.

ஒரு சின்னக் கணக்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். டார்ச்சில் ஒரு வாட் மின்சாரத்துக்குச் சுமார் நூறு லூமன் கிடைக்கும். நல்ல சரக்கில் கொஞ்சம் கூட, மட்டமானதில் குறைய. நல்ல ஏஏ செல் ஒன்றில் இரண்டரை வாட்-மணி அளவில் சக்தி இருக்கிறது. 18650 செல் ஒன்றில் பத்து, பதினொன்று. இப்போது "5000 லூமன், 10 மணி நேரம்" என்று எழுதிய பெட்டியைப் பாருங்கள். 5000 லூமனுக்கு 50 வாட், அதைப் பத்து மணி நேரத்தால் பெருக்கினால் 500 வாட்-மணி. அதற்கு 18650 செல் நாற்பத்தைந்து வேண்டும். டார்ச்சுக்குள் இருப்பது ஒன்று. இந்த ஒரு பெருக்கலைப் போட்டாலே இணையக் கடைகளில் உள்ள பாதிச் சரக்கு விலகிவிடும்.

நேர்மையான நிறுவனங்கள் எஃப்எல்1 என்ற அமெரிக்கத் தர அளவீட்டைப் பின்பற்றி எண்களைத் தருகின்றன. அதிலும் இரண்டு சூட்சுமம் உண்டு. எரியும் நேரம் என்பது வெளிச்சம் தொடக்கத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை எடுக்கும் நேரம். கடைசி சில மணி நேரம் மங்கல் வெளிச்சமாகவே ஓடியிருக்கலாம். அதேபோல ஒளி எட்டும் தூரம் என்பது முழுநிலா அளவு வெளிச்சம் விழும் இடம் வரைக்கும். 200 மீட்டர் என்று போட்டிருந்தால் அதில் பாதி தூரத்தில்தான் ஆளை அடையாளம் தெரியும்.

வெளிச்சம் நிலையாக நிற்குமா? முதல் பத்து நிமிடம் பளீரென்று எரிந்து அப்புறம் மங்கிக்கொண்டே போவது ஒரு வகை. உள்ளே உள்ள சர்க்யூட் கட்டுப்படுத்தி, பேட்டரி தீரும் வரை ஒரே அளவில் தருவது இன்னொரு வகை. ராத்திரி வயலுக்குப் போகிறவருக்கு இது சாதாரண விஷயம் இல்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. கிராமப்புறத்தில் தடுப்பு முறையாக மருத்துவர்கள் சொல்வதில் இருட்டில் டார்ச் இல்லாமல் நடக்காதே என்பதும் ஒன்று. அதற்கு வேண்டியது முக்கால் மணி நேரம் அசையாமல் நிற்கும் நடுத்தர வெளிச்சம்; மூன்று நிமிடம் மட்டும் கண்ணைப் பறிக்கும் ஆயிரம் லூமன் இல்லை. நிறமும் முக்கியம். நீலம் கலந்த வெள்ளை ஒளியில் மண்ணும் சருகும் அதன்மேல் கிடக்கும் சுருட்டை விரியனும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். கொஞ்சம் மஞ்சள் சாய்ந்த, நிறத்தை உள்ளபடி காட்டும் எல்இடி கிடைத்தால் அதையே எடுங்கள். அதற்குப் பூச்சியும் குறைவாக வரும்.

சுவிட்சும் தண்ணீரும். மழையில் நனைந்தால் தாங்க வேண்டும். ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். இழுத்தால் நீண்டு ஒளியைக் குவிக்கும் 'ஜூம்' டார்ச்சுகள் பார்க்க அழகு. ஆனால் இழுத்துத் தள்ளும் ஒவ்வொரு முறையும் உள்ளே காற்றை உறிஞ்சும். காற்றோடு ஈரமும் போகும். குவித்த நிலையில் பாதி ஒளி குழாய்க்குள்ளேயே வீணாகும் என்பது வேறு.

விலையைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. டார்ச்சின் விலை ஒரு முறைதான். பேட்டரியின் விலை தொடர்ந்து வரும்.

## சுவரில் செருகும் பிளக் டார்ச்

பின்பக்கத்தில் இரண்டு பின் மடங்கி இருக்கும், இழுத்து நேராக சுவிட்ச் போர்டில் செருகலாம். இருநூறு, முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டுவது இதைத்தான், ஏனென்றால் திரும்பத் திரும்ப விற்பதும் இதுதான்.

உள்ளே இருப்பது பெரும்பாலும் 4 வோல்ட் ஈய-அமில பேட்டரி. பைக் பேட்டரியின் குட்டித் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வகை பேட்டரியைச் சார்ஜ் இறங்கிய நிலையில் விட்டுவைத்தால் தகட்டில் உப்புப் படிந்து, சில மாதத்தில் சார்ஜே பிடிக்காது. சரி, எப்போதும் செருகியே வைக்கலாமென்றால், மலிவான டார்ச்சில் சார்ஜ் நிறைந்ததும் நிறுத்தும் ஏற்பாடு கிடையாது. உள்ளே உள்ள நீர் வற்றி அப்படியும் சாகும். செருகினாலும் சாகும், செருகாவிட்டாலும் சாகும். அவசரத்துக்கு என்று எடுத்து வைக்கத் தகுதியே இல்லாத குணம் இது.

ஆபத்து ஒன்றும் உண்டு. விலையைக் குறைப்பதற்காக இவற்றில் பலவற்றில் டிரான்ஸ்ஃபார்மர் இருக்காது; ஒரு கெப்பாசிட்டர் மூலமாகவே மின்சாரம் உள்ளே போகும். அதாவது செருகியிருக்கும்போது உள்பாகங்கள் வீட்டு மின்சாரத்தோடு நேரடித் தொடர்பில் இருக்கும். உடைந்த மூடியோடோ ஈரக்கையோடோ சார்ஜில் இருக்கும் டார்ச்சைத் தொடக்கூடாது. குழந்தைகள் இருக்கிற வீட்டில் இதைச் சார்ஜில் தொங்கவிடவே வேண்டாம் என்பேன்.

அப்படியானால் யாருக்கு இது? தினமும் ராத்திரி பயன்படுத்தி, தினமும் சார்ஜ் போடுகிறவருக்கு. காவலாளி, மாட்டுக் கொட்டகை பார்க்கிறவர், விடியற்காலையில் பால் எடுக்கிறவர். வழக்கமாக ஓடினால் ஒரு வருடம், ஒன்றரை வருடம் உழைக்கும். அதற்கப்புறம் புதிது.

## யுஎஸ்பி சார்ஜ், பேட்டரி கழற்ற முடியாதது

முந்தையதைவிட இது எவ்வளவோ மேல். லித்தியம் பேட்டரி சும்மா கிடக்கும்போது மாதத்துக்கு இரண்டு மூன்று சதவீதம்தான் இறங்கும். பாதிக்கு மேல் சார்ஜ் போட்டு வைத்தால் ஆறு மாதம் கழித்தும் எரியும். போன் சார்ஜரிலேயே ஏறும். கரண்ட் இல்லாத நாளில் பவர் பேங்க், கார், சின்ன சோலார் பேனல் எதிலிருந்தும் ஏற்றிக்கொள்ளலாம். ஐந்நூறு ரூபாய் சுற்றுவட்டாரத்தில் நிறைய.

குறை எங்கே என்றால், பேட்டரிதான் டார்ச்சின் ஆயுள். இரண்டு மூன்று வருடத்தில் பேட்டரி தளர்ந்ததும் டார்ச் முழுவதும் குப்பை. திறந்து மாற்றலாம் என்று நினைத்தால் ஒட்டியோ பற்றவைத்தோ வைத்திருப்பார்கள். சார்ஜ் துளையை மூடும் ரப்பர் மூடி முதலில் பிய்ந்துபோகும்; அன்றோடு மழைக்கும் அதற்கும் பகை.

இன்னொரு மறைமுகத் தொல்லை: டைப்-சி துளை இருக்கிறதே என்று இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள புதிய ஒயரைச் செருகினால் பல மலிவு டார்ச்சுகளில் சார்ஜ் ஏறாது. சார்ஜரோடு பேசிக்கொள்ள வேண்டிய சின்ன ரெசிஸ்டரைப் போடாமல் விட்டிருப்பார்கள். பழைய அகலமான யுஎஸ்பி முனை உள்ள ஒயரில்தான் ஏறும். டார்ச் பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கும் முன் ஒயரை மாற்றிப் பாருங்கள்.

அபார்ட்மெண்டில் குடியிருப்பவர், இன்வெர்ட்டர் உள்ள வீடு, பைக் பெட்டியில் ஒன்று போட்டு வைக்க நினைப்பவர் இதை வாங்கலாம். மாதத்துக்கு ஒரு முறை போனோடு சேர்த்து இதையும் சார்ஜ் போடும் பழக்கம் இருந்தால் குறை சொல்ல முடியாது. அந்தப் பழக்கம் இல்லாதவருக்கு இது பொருந்தாது.

## மூன்று ஏஏஏ போடும் குட்டி டார்ச்

வேண்டாம். இத்தோடு முடித்துவிடலாம், ஆனாலும் காரணம் சொல்ல வேண்டும் அல்லவா? மூன்று செல்லையும் ஒரு பிளாஸ்டிக் கூட்டில் செருகி உள்ளே தள்ள வேண்டும். அந்தக் கூட்டின் மெல்லிய தகடுகள்தான் முதலில் வளையும், துருப்பிடிக்கும். சர்க்யூட் பெரும்பாலும் இருக்காது, மூன்று செல்லின் நாலரை வோல்ட்டை நேராக எல்இடியில் கொடுத்துவிடுவார்கள். அதனால் முதல் நிமிடத்திலிருந்தே மங்கத் தொடங்கும். ஒன்பது குட்டி எல்இடி வட்டமாக வைத்தது இந்த ரகத்தில் இன்னும் விற்கிறது. அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்து, கொஞ்ச நாளில் அவை நீலம் பாரித்துவிடும்.

செலவையும் பாருங்கள். மாதம் ஒரு செட் பேட்டரி தீருகிறது, செல் ஒன்று பன்னிரண்டு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடத்தில் ஆயிரத்து முந்நூறு ரூபாய் ஆகிறது. நூறு ரூபாய் டார்ச் என்று நினைத்து வாங்கியது அது. இனாமாகக் கிடைத்தால் பூஜை அறையில் வைத்துக்கொள்ளலாம்.

இதில் ஒற்றை ஏஏஏ போடும் சாவிக்கொத்து டார்ச் தனி ரகம். ஃபீனிக்ஸ், த்ரூநைட் போன்ற நிறுவனங்கள் நன்றாகச் செய்கின்றன. பூட்டுத் துளை தேட, தியேட்டரில் விழுந்த சாவியை எடுக்க அருமை. வீட்டுக்கு ஒரே டார்ச் என்றால் போதாது.

## ஒன்று அல்லது இரண்டு ஏஏ பேட்டரி டார்ச்

என்னைக் கேட்டால், ஒரு வீட்டில் ஒரே ஒரு டார்ச்தான் இருக்கும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

ஏஏ செல் கிடைக்காத ஊர் கிடையாது. கடிகாரத்தில் இருப்பதைக் கழற்றிப் போட்டாலும் எரியும். எவரெடி, நிப்போ, டியூராசெல், பானசோனிக் என்று எது கிடைத்தாலும் சரி. வெள்ளை எல்இடி எரியச் சுமார் மூன்று வோல்ட் வேண்டும், ஆனால் ஒற்றை ஏஏ செல் தருவது ஒன்றரைதான். ஆகவே ஒற்றைச் செல் டார்ச்சுக்குள் வோல்ட்டை ஏற்றித் தரும் சர்க்யூட் இருந்தே தீர வேண்டும். இந்தக் கட்டாயத்தால் ஒரு நன்மை: ஓரளவு நல்ல டார்ச்சில் அந்த சர்க்யூட்டே வெளிச்சத்தை நிலையாகவும் வைத்திருக்கும், தளர்ந்த செல்லையும் கடைசித் துளி வரை உறிஞ்சும். மற்ற பொருளில் தீர்ந்துபோனதாகக் கழற்றி எறிந்த செல்லிலும் மெல்லிய வெளிச்சத்தில் பல மணி நேரம் எரியும் டார்ச்சுகள் உண்டு.

இரண்டு செல் டார்ச் கொஞ்சம் நீளம். கைக்கு அடக்கம், எரியும் நேரம் இரட்டிப்பு. வயதானவர்களுக்கு இதுவே வசதி. ஒற்றைச் செல் டார்ச் கை நடுக்கத்தில் நழுவும்.

இனி, எந்தச் செல் போடுவது? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

சாதாரண கார்பன் செல் மலிவு. அதன் துத்தநாக உறையே வேதிவினையில் கரைந்துதான் மின்சாரம் வருகிறது. அதாவது செல் தீரத் தீர அதன் சுவர் ஓட்டையாகும். டார்ச்சுக்குள் போட்டு மறந்துவிட்டால் பொங்கி ஒழுகி, குழாயோடு ஒட்டிக்கொள்ளும். அல்கலைன் செல் மூன்று நான்கு மடங்கு நேரம் வரும், ஆனால் அதுவும் கசியும். காரமான வெள்ளைப் பூச்சாக ஸ்பிரிங்கில் படியும். லேசாகப் படிந்திருந்தால் எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சில் துடைத்து, காயவைத்து மீட்டுவிடலாம். பயன்படுத்தாத டார்ச்சில் செல்லைப் போட்டு வைக்காமல், பக்கத்தில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைப்பது மேல். இருட்டில் செல்லைப் போடச் சிரமம் என்றால் ஒரு செல்லை மட்டும் திருப்பிப் போட்டு வைக்கும் பழைய வழக்கம் இரண்டு செல் டார்ச்சுக்கு இன்றும் பொருந்தும். சுவிட்ச் தவறி அமுங்கினாலும் தீராது.

நல்ல வழி ரீசார்ஜபிள் நிக்கல் செல். சான்யோ நிறுவனம் 2005இல் எனிலூப் என்ற பெயரில் கொண்டுவந்த ரகம், இப்போது பானசோனிக் பெயரில் வருகிறது. பழைய நிக்கல் செல் சார்ஜ் போட்டு வைத்த சில வாரத்திலேயே இறங்கத் தொடங்கும். இந்த ரகம் ஒரு வருடம் கழித்தும் எண்பது சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கும், கசிவதும் மிக அபூர்வம். மற்ற நிறுவனங்களும் இதே ரகத்தைச் செய்கின்றன. உறையில் 'முன்பே சார்ஜ் செய்யப்பட்டது' என்ற பொருளில் எழுதியிருக்கும். நான்கு செல்லும் சார்ஜரும் சேர்த்து ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ஆகலாம். பெரிய தொகைதான். ஆனால் அதே செல் ரிமோட், குழந்தையின் பொம்மை, கம்பியில்லா மவுஸ் என்று வீடு முழுக்கச் சுற்றும்.

குறை: நிக்கல் செல் கடைசி வரை ஒரே வோல்ட்டில் நின்று சட்டென்று விழும். டார்ச்சும் முன்னறிவிப்பு இல்லாமல் அணையும். வெளியே போகும்போது சட்டைப் பையில் இன்னொரு செல் இருக்கட்டும். அப்புறம், ஏஏ அளவிலேயே 14500 என்று ஒரு லித்தியம் செல் இருக்கிறது. 3.7 வோல்ட், முழு சார்ஜில் 4.2. அதைத் தாங்கும் என்று எழுதியிருக்கும் டார்ச்சில் மட்டும்தான் போட வேண்டும். சோஃபிர்ன் எஸ்பி10 புரோ போன்றவை இரண்டையும் ஏற்கும். மற்றதில் போட்டால் சர்க்யூட் கருகும். ரிமோட்டிலோ பொம்மையிலோ தப்பித் தவறி மாட்டிவிட்டால் இன்னும் மோசம்.

## 18650 செல் போடும் டார்ச்

பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், கடைசி சைபர் உருளை வடிவத்தைக் குறிக்கிறது. லேப்டாப் பேட்டரிக்குள்ளும் மின்சார ஸ்கூட்டருக்குள்ளும் அடுக்கி வைத்திருப்பது பெரும்பாலும் இதைப் போன்ற செல்கள்தான். ஒரு செல்லில் நான்கு ஏஏ நிக்கல் செல்லின் சக்தி. நூறு லூமனில் எட்டு மணி நேரத்துக்கு மேல் எரியும், வேண்டும்போது ஆயிரம் லூமனுக்கும் எகிறும். அந்த ஆயிரம் சில நிமிடம்தான். விரலளவு அலுமினியம் அவ்வளவு சூட்டைத் தாங்காது, சர்க்யூட்டே வெளிச்சத்தைக் குறைத்துவிடும்.

மலிவு விலையில் நம்பகமானவை என்று டார்ச் பைத்தியங்கள் சொல்லும் பெயர்கள் கான்வாய் எஸ்2 பிளஸ், சோஃபிர்ன் எஸ்சி31 புரோ, வர்காஸ் எஃப்சி11. மூன்றும் சீனத் தயாரிப்பு. இந்தியாவில் இறக்குமதி செய்து விற்பவர்களிடம் இரண்டாயிரம் ரூபாய் சுற்றுவட்டாரத்தில் பார்க்கலாம், ஏறவும் இறங்கவும் செய்யும். கான்வாயில் வாலில் டக்கென்று அமுங்கும் இயந்திர சுவிட்ச். அணைத்தால் முழுமையாக அணைந்தது. மற்ற இரண்டிலும் பக்கவாட்டில் மின்னணு சுவிட்ச். அணைத்த நிலையிலும் துளி மின்சாரம் உறிஞ்சும், பையில் தவறி அமுங்கினால் துணி சுடும் அளவுக்குச் சூடாகும். வால் மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி வைத்தால் இரண்டு பிரச்சினையும் தீரும். எஃப்சி11இன் வாலில் காந்தம் இருக்கிறது. பைக் பழுது பார்க்கும்போதும் மெயின் போர்டுக் கதவில் ஒட்டிவிட்டு ஃபியூஸ் போடும்போதும் அதன் அருமை தெரியும்.

மறைந்திருக்கும் செலவு செல்லில்தான். உண்மையான 18650 செல்லின் கொள்ளளவு 3,500 மில்லி ஆம்பியர்-மணி சுற்றுவட்டாரத்தோடு நிற்கிறது. 6,800, 9,900 என்று எழுதி விற்பவை எல்லாம் ஏமாற்று. உள்ளே பழைய லேப்டாப் செல்லோ அதைவிட மட்டமானதோ இருக்கும். கையில் எடுத்தாலே சந்தேகம் வரும்: அசல் செல் 45 கிராமுக்கு மேல், போலி நன்றாக இலேசாக இருக்கும். மேல்முனை தட்டையா, குமிழா என்பதையும் டார்ச்சுக்கு ஏற்பப் பார்க்க வேண்டும். பாதுகாப்பு சர்க்யூட் வைத்த செல் மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளம் கூடும். சில டார்ச்சில் நுழையாது. இந்த வம்பு வேண்டாமென்றால் டார்ச்சும் செல்லும் ஒரே பெட்டியில் வருவதாக வாங்குங்கள்.

தனிச் செல்லைச் சாவிக்கொத்தோடு பையில் போடக்கூடாது. சாவி இரண்டு முனையையும் தொட்டால் தீப்பிடிக்கும். உறை கிழிந்த செல்லைப் பயன்படுத்தக்கூடாது. விமானத்தில் போகிறவர்கள் உதிரி லித்தியம் செல்லைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெட்டியில் போட்டு அனுப்பக்கூடாது. இவ்வளவு கவனம் எடுக்க முடியாத வீட்டில், குறிப்பாக யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகிற டார்ச்சாக, 18650 வேண்டாம்.

வயலுக்குப் போகிறவர், மலையேறுகிறவர், ராத்திரி வேலை பார்க்கிறவர், இதில் ஆர்வம் உள்ளவர்: இவர்களுக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. செல் மட்டும் மாற்றினால் பல வருடம் உழைக்கும்.

## ஒரே பார்வையில்

| | பிளக் டார்ச் | யுஎஸ்பி, கழற்ற முடியாதது | மூன்று ஏஏஏ | ஒன்று/இரண்டு ஏஏ | 18650 |
|---|---|---|---|---|---|
| ஆறு மாதம் கிடந்தபின் | எரிவது சந்தேகம் | எரியும் | செல் கசியாவிட்டால் | நிக்கல் செல்லோடு எரியும் | எரியும் |
| பேட்டரி மாற்ற | முடியாத மாதிரிதான் | முடியாது | எளிது | மிக எளிது | முடியும், நல்ல செல்லைத் தேட வேண்டும் |
| வாரக்கணக்கில் கரண்ட் இல்லாவிட்டால் | உதவாது | பவர் பேங்க், சோலார் இருந்தால் | ஓடும் | ஓடும் | பவர் பேங்க், சோலார் இருந்தால் |
| வெளிச்சம் | நடுத்தரம், மங்கும் | நல்லது | சுமார், மங்கும் | போதுமானது, நிலையானது | தாராளம், நிலையானது |
| மறைந்த செலவு | அடிக்கடி புது டார்ச் | பேட்டரியோடு டார்ச்சும் போகும் | செல் வாங்கியே தீரும் | முதலில் நிக்கல் செல், சார்ஜர் | அசல் செல், கவனம் |

போனில் டார்ச் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அறைக்குள் போதும். ஆனால் கரண்ட் இல்லாத ராத்திரியில் போனின் சார்ஜ் பேசுவதற்கு வேண்டும். மழையில் நனைந்தபடி ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு ஃபியூஸ் மாற்றுவதும் நடக்காத காரியம்.

இரண்டு கையும் வேலையில் இருக்கும் என்றால் கை டார்ச்சையே மறந்துவிட்டு, தலையில் மாட்டும் விளக்கைப் பாருங்கள். கன்னியாகுமரியில் விடியுமுன் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் நெற்றியில் கட்டிக்கொண்டு போவது அதைத்தான். பேட்டரி பற்றி மேலே சொன்னது எல்லாம் அதற்கும் பொருந்தும்.

## கடையில் நின்று பார்க்க வேண்டியவை

இருபது முறை சுவிட்சை அமுக்கிப் பாருங்கள். ஒரு முறை தடுமாறினாலும் வேறு எடுங்கள். எரியும்போது வால் பக்கம் உள்ளங்கையில் தட்டுங்கள்; கண் சிமிட்டினால் ஸ்பிரிங் சரியில்லை. ஓடுகிற மின்விசிறியில் ஒளியை அடித்துப் பார்ப்பது ஒரு நல்ல சோதனை. குறைந்த வெளிச்சத்தில் இறக்கைகள் துண்டு துண்டாக நின்று நின்று தெரிந்தால் அந்த டார்ச் ஒளியை வேகமாக அணைத்து அணைத்துக் குறைக்கிறது. நீண்ட நேரம் படித்தாலோ வேலை பார்த்தாலோ சிலருக்குத் தலை வலிக்கும்.

வெள்ளைச் சுவரில் அடித்துப் பாருங்கள். நடுவில் கருப்பு வட்டமோ, நீல ஓரமோ அதிகம் தெரிந்தால் வேண்டாம். பக்கத்திலேயே உங்கள் உள்ளங்கையில் அடியுங்கள். தோல் பிணம் மாதிரி வெளிறித் தெரிந்தால் நிறம் காட்டாத எல்இடி.

அமுக்க அமுக்க அதிகம், நடுத்தரம், குறைவு, சிமிட்டல், எஸ்ஓஎஸ் (ஆபத்து சைகை) என்று ஐந்து நிலை சுற்றிவரும் டார்ச் விளம்பரத்துக்கு நல்லது. வீட்டில் பாட்டி எடுத்து அமுக்கும்போது சிமிட்டத் தொடங்கினால் அவர் அதை மறுபடி தொடமாட்டார். ஒரே நிலை, அல்லது இரண்டு நிலை இருந்தால் போதும். குறைந்த நிலையில் முதலில் எரிவதாக இருந்தால் இன்னும் நல்லது.

மூடியைத் திருகித் திறந்து மரையைப் பாருங்கள். வழவழப்பாகச் சுற்ற வேண்டும், உள்ளே ஒரு ரப்பர் வளையம் இருக்க வேண்டும். அந்த வளையம் காய்ந்து வெடித்தால் தண்ணீர் உள்ளே போகும். வருடத்துக்கு ஒரு முறை துளி சிலிக்கான் கிரீஸ் தடவினால் போதும். தேங்காய் எண்ணெய், வாஸ்லின் வேண்டாம், சில வகை ரப்பர் வளையங்கள் அதில் ஊறிப் பருத்துவிடும்.